63ஆம் தெருவில் இருந்தவர்கள்



இந்த நினைவுச் சொற்பொழிவு யார் பெயரால் நடக்கிறதோ, அந்தத் தோழரை இங்கே அமர்ந்திருப்பவர்களில் பலர் நேரில் அறிவீர்கள். அவருடைய தோள்பையில் எப்போதும் ஒரு தடித்த பிளாஸ்டிக் உறை இருக்கும். இடிக்கப்பட்ட குடியிருப்புகளின் ரேஷன் கார்டு நகல்கள், கரண்ட் பில்கள், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். "இடிச்ச மறுநாளே அங்க யாருமே இருந்ததில்லைன்னு சொல்லிடுவாங்க தோழர், அதுக்குத்தான் இது" என்பார். இன்று நாம் பேசவிருப்பது கடல் கடந்த ஒரு நகரத்தின் கலையரங்க வளாகத்தைப் பற்றி. ஆனாலும் அங்கே நடந்த நேரமெல்லாம் அந்த உறைதான் எங்கள் நினைவில் இருந்தது.

ஓர் அக்டோபர் மாதத்தில், ஒரு கருத்தரங்கை ஒட்டி நாங்கள் மூன்று பேர் நியூயார்க் போயிருந்தோம். அங்கு போகிற அம்பேத்கரியர்கள் எல்லோரும் செய்வதையே நாங்களும் முதலில் செய்தோம். 116ஆம் தெருவில் இறங்கி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லேமன் நூலகத்தில் இருக்கும் அண்ணல் அம்பேத்கரின் மார்பளவுச் சிலையைப் பார்த்தோம். அங்கே படிக்கும் ஒரு தமிழ்த் தம்பிதான் அழைத்துப் போனார். திரும்பும்போது, "லிங்கன் சென்டர் பார்க்காம போகாதீங்க அண்ணா, இதே ரயில்ல ஏழாவது ஸ்டேஷன்" என்றார். ஏறினோம். அந்த ரயில் பாதை 1904இல் ஓடத் தொடங்கியது. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அண்ணல் இந்த நகரத்துக்கு வந்தபோதும் 116ஆம் தெருவையும் 66ஆம் தெருவையும் இணைத்தது இதே பாதைதான்.

66ஆம் தெருவில் மேலே ஏறி வந்தால் கண் கூசுகிறது. நடுவே நீரூற்று. மூன்று பக்கமும் வெளிர்ந்த டிராவர்டைன் கல் பதித்த மூன்று பெரிய கட்டடங்கள். எதிரே, ஐந்து வளைவுகளோடு மெட்ரோபாலிட்டன் ஒபேரா. அதன் கண்ணாடிக்கு உள்ளே மார்க் ஷகாலின் இரண்டு பிரம்மாண்ட ஓவியங்கள். இடது கையில் பாலே நடனத்துக்கான அரங்கு. வலது கையில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவின் அரங்கு. இவற்றுக்குப் பின்னும் பக்கத்திலும் நாடக அரங்கு, நிகழ்த்துகலை நூலகம், ஜூலியார்ட் இசைப்பள்ளி. எல்லாம் சேர்த்து 16 ஏக்கருக்குச் சற்று மேல். உலகில் இப்படி ஒரே இடத்தில் இத்தனை அரங்குகளைக் கட்டிய வளாகங்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படுவது இதுதான்.

அன்றிரவு ஒபேராவுக்குச் சீட்டும் வாங்கினோம். ஏறக்குறைய 3,800 இருக்கைகள் கொண்ட அரங்கில், கூரையைத் தொட்டுவிடலாம் போன்ற மேல் அடுக்கில் எங்களுக்கு இடம். ஆஸ்திரியா அன்பளிப்பாகக் கொடுத்த படிகச் சரவிளக்குகள் நிகழ்ச்சி தொடங்கும்போது மெல்ல மேலேறி எங்கள் கண்மட்டத்துக்கு வந்து மங்கின. ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு மனிதக் குரல் அவ்வளவு தூரம் ஏறி வந்து நெஞ்சைப் பிடித்தது. அரங்கை வெறுத்துவிட்டு வந்தோம் என்று உங்களிடம் சொன்னால் அது பொய். இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம் கூட்டங்களில் கலை என்றாலே அவர்களுடையது, இடம் என்றாலே நம்முடையது என்று பிரித்துப் பேசும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இந்த நிலத்தின் கதை அப்படிப் பிரிய மறுக்கிறது.

மறுநாள் பகலில் அதே வளாகத்தின் வடபுறம், 65ஆம் தெருப் பக்கம் நடந்தோம். ஃபில்ஹார்மானிக் அரங்கின் வெளிமுகத்தில் அடர் வண்ணங்களில் ஒரு பெரிய ஓவியம். கறுப்பின முகங்கள், இசைக்கருவிகள், எழுத்துகள். நீனா ஷனெல் ஆப்னி என்ற கறுப்பின ஓவியர் 2022இல் செய்தது. அதன் தலைப்பில் ஒரு சொல் விளையாட்டு: 'ஹில்' என்ற இடத்தில் 'ஹீல்' என்று போட்டிருக்கிறார், குன்று என்பது காயம் ஆற்றுதல் ஆகிவிடுகிறது. குன்றின் பெயர் சான் ஹுவான் ஹில். அந்தப் பெயரில்தான் இங்கே ஒரு ஊர் இருந்தது.

ஊர் என்றே சொல்வோம். ஏறத்தாழ 60ஆம் தெருவிலிருந்து 65ஆம் தெரு வரை, ஆம்ஸ்டர்டாம் நிழற்சாலைக்கு மேற்கே கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. 1898இல் கியூபாவில் நடந்த போரில் சான் ஹுவான் குன்றைப் பிடிக்கப் போராடிய கறுப்பினப் படைவீரர்களின் நினைவாக அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அமெரிக்கத் தெற்கிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்தவர்கள், கப்பல்துறைக் கூலிகள், வீட்டு வேலைக்காரப் பெண்கள், சமையல்காரர்கள். கிழக்கே ஐரிஷ் ஏழைகள். இரு பக்கத்துக்கும் அடிக்கடி தெருச்சண்டை. 1905 ஜூலையில் அது பெரும் இனக்கலவரமாகவே வெடித்தது. ஹார்லெம் கறுப்பினத் தலைநகராக மாறுவதற்கு முன்பு, நியூயார்க்கில் கறுப்பின மக்கள் அதிகமாக வாழ்ந்த இடங்களில் ஒன்று இது.

அந்த ஊரின் இசையைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. அண்ணல் கொலம்பியாவில் சேர்ந்த அதே 1913இல், 62ஆம் தெருவில் ஜங்கிள்ஸ் காசினோ என்ற ஒரு நிலவறைக் கூடத்தில் ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற பத்தொன்பது வயது இளைஞர் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். அரசாங்கக் காகிதத்தில் அது நடனப் பள்ளி. உண்மையில், தெற்குக் கரோலினாவின் கடற்கரையிலிருந்து வந்த கப்பல்துறைத் தொழிலாளர்கள் வேலை முடிந்து ஆட வரும் இடம். "ஊர்ப் பாட்டு வாசி" என்பார்களாம். அவர்கள் கால் போட்ட வேகத்துக்கு ஏற்ப அவர் கட்டிய மெட்டுகளில் ஒன்றுதான் 1923இல் ஒரு பிராட்வே நாடகம் வழியாக வெளிவந்து உலகத்தையே ஆட்டிய 'சார்ல்ஸ்டன்'. 1920களின் படம் எதைப் பார்த்தாலும் வெள்ளையர்கள் முழங்காலை ஆட்டி ஒரு நடனம் ஆடுவார்களே, அது இந்த நிலவறையில் கூலித் தொழிலாளிகளின் கால்களிலிருந்து எடுக்கப்பட்டது.

ஜாஸ் இசையின் பெரும் ஆளுமைகளில் ஒருவரான பென்னி கார்ட்டர் வளர்ந்தது இங்கேதான். தெலோனியஸ் மங்க் நான்கைந்து வயதுப் பிள்ளையாக 1922இல் 63ஆம் தெருவுக்கு வந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை அந்தத் தெருவிலேயே கழித்தார். அவர் விரல்களில் இருந்த இசை எந்த அகாதெமியும் கொடுத்ததல்ல. வீட்டுப் பியானோ, தேவாலயம், தெரு, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு முழு வட்டாரம் சேர்ந்து கொடுத்தது. சமூகவியலில் நாம் பண்பாட்டு மூலதனம் என்று படிக்கிறோமே, அதைக் கட்டடத்துக்குள் தேடக் கூடாது என்பதற்கு 63ஆம் தெரு ஒரு சாட்சி.

இனி அந்த ஊர் எப்படிப் போனது என்பதைப் பார்ப்போம். இரண்டு தவணைகளில் போனது. 1940களில் நகர வீட்டுவசதி ஆணையம், ஆம்ஸ்டர்டாம் நிழற்சாலைக்கு மேற்கே சில வரிசைகளை இடித்துவிட்டு, ஆம்ஸ்டர்டாம் ஹவுசஸ் என்ற பொதுக் குடியிருப்பைக் கட்டி 1948இல் திறந்தது. இடித்தாலும் அங்கே ஏழைகளுக்கு வீடு வந்தது. இரண்டாவது தவணை அப்படி இல்லை.

1949இல் அமெரிக்காவில் ஒரு வீட்டுவசதிச் சட்டம் வந்தது. அதன் முதல் பிரிவின்படி, ஒரு பகுதியைச் சேரி என்று நகரம் அறிவித்தால் போதும். அந்த நிலத்தை உரிமையாளர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நகரம் எடுத்துக்கொள்ளலாம். தனியாருக்குக் குறைந்த விலையில் விற்கலாம். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு கொடுக்கும். பொதுப் பணத்தில் ஏழையின் நிலத்தை வாங்கிச் சுத்தம் செய்து வசதியானவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு இது. தனியாருக்குக் கொடுப்பதற்காகப் பொதுநலத்தின் பெயரால் நிலம் எடுக்கலாமா என்று வாஷிங்டன் நகரத்திலிருந்து போன ஒரு வழக்கில், எடுக்கலாம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கவனியுங்கள். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று வரலாற்றுப் புகழ்பெற்ற தீர்ப்பைத் தந்ததும் அதே 1954தான், அதே நீதிமன்றம்தான். ஒரே பள்ளியில் படிக்கலாம் என்ற உரிமை ஒரு கையால் வந்த ஆண்டில், இருக்கும் தெருவில் இருக்கலாம் என்ற உறுதி இன்னொரு கையால் போனது.

நியூயார்க்கில் சேரி ஒழிப்புக் குழுவின் தலைவர் ராபர்ட் மோசஸ். எந்தத் தேர்தலிலும் வென்று பதவிக்கு வராதவர். ஆனால் பல பத்தாண்டுகள் அந்நகரத்தின் பாலங்களையும் பூங்காக்களையும் நெடுஞ்சாலைகளையும் முடிவுசெய்தவர். அவருக்கு லிங்கன் சதுக்கப் பகுதியில் ஒரு பெரிய திட்டம் வேண்டும். அதே நேரத்தில் மெட்ரோபாலிட்டன் ஒபேராவுக்கு 39ஆம் தெருவிலிருந்த பழைய அரங்கில் மேடைக்குப் பின்னால் இடம் போதவில்லை. ஃபில்ஹார்மானிக் குழு வாசித்துவந்த கார்னகி ஹாலோ விற்பனைக்கு வந்து இடிபடும் நிலை. மூன்றாம் ஜான் டி. ராக்ஃபெல்லர் தலைமையில் பணக்காரக் குடும்பங்கள் கூடின. கலைக்கு இடம் வேண்டும். இடமோ மோசஸின் கையில். இத்தனைக்கும் அந்தக் கார்னகி ஹால் கடைசியில் இடிபடவே இல்லை. இசைக் கலைஞர்கள் முன்னின்று போராட, 1960இல் நகரமே அதை வாங்கிக் காப்பாற்றியது. போராடினால் காப்பாற்றத் தக்க கட்டடம் எது, போராடினாலும் இடிக்கத் தக்க கட்டடம் எது என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் வெளிச்சமாகத் தெரிந்தது.

ஏனெனில் லிங்கன் சதுக்கத்து மக்களும் போராடினார்கள். ஹாரிஸ் பிரசென்ட் என்ற வழக்கறிஞர் அவர்களோடு நின்றார். நகர மன்றக் கூட்டங்களில் பேசினார்கள், வழக்குப் போட்டார்கள். 1958இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் முறையீட்டை விசாரணைக்கு எடுக்கவே மறுத்துவிட்டது. குழு வெளியிட்ட திட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருண்ட கொல்லைப்புறங்களின் புகைப்படம், இன்னொரு பக்கம் வரப்போகும் அரங்குகளின் அழகான சித்திரம். இந்த உத்தி நமக்கும் புதிதல்ல.

7,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள், ஏறத்தாழ 800 கடைகளும் தொழில்களும் வெளியேற்றப்பட்டன. லிங்கன் சென்டரே இன்று இந்த எண்ணிக்கையைச் சொல்கிறது. அந்தத் திட்டத்தில் புதிதாகக் கட்டப்பட்டவை சுமார் 4,400 வீடுகள். அவற்றில் ஏறக்குறைய 4,000 வசதி படைத்தவர்களுக்கானவை. வெளியேறியவர்கள் ஹார்லெம், பிராங்க்ஸ் என்று நகரமெங்கும் சிதறினார்கள். அவர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர் என்று நாம் சொல்லிவிடக் கூடாது. 1950களில் இந்தத் தெருக்களில் போர்ட்டோ ரிக்கோ மக்கள் பெருவாரியாக வந்திருந்தார்கள். வெள்ளை உழைப்பாளர்களும் இருந்தார்கள். ஆனால் நாடு முழுக்க இந்தச் சட்டத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதில் ஐயமில்லை. நகரப் புதுப்பிப்பு என்பதற்குப் பொருள் கறுப்பரை அப்புறப்படுத்துவதுதான் என்று ஜேம்ஸ் பால்ட்வின் 1963இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னது அதனால்தான்.

1959 மே 14 அன்று அடிக்கல் விழா. குடியரசுத் தலைவர் ஐசனோவர் மண்வெட்டி பிடித்தார். லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் இசைக்குழுவை நடத்தினார். அன்று வாசிக்கப்பட்டவற்றில் ஒன்று ஏரன் கோப்லாண்டின் 'சாதாரண மனிதனுக்கான முழக்கம்'. 1942இல், போர்க்காலத்தில் எழுதப்பட்ட நல்ல படைப்பு அது. கோப்லாண்டைக் குறை சொல்ல எதுவும் இல்லை. சாதாரண மனிதர்கள் காலி செய்த மண்ணில் அந்தத் தலைப்பு ஒலித்தது என்பதைப் பதிவு செய்கிறோம், அவ்வளவுதான். பெர்ன்ஸ்டைனுக்கு இந்தத் தெருக்களோடு இன்னொரு தொடர்பும் உண்டு. போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களும் வெள்ளை இளைஞர்களும் தெருவுக்காகச் சண்டையிடும் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்கு இசையமைத்தவர் அவர். அதைப் படமாக்க வந்தவர்களுக்கு 1960இல், இடிப்புக்காகக் காலி செய்யப்பட்ட இப்பகுதித் தெருக்களே கிடைத்தன. படம் 10 ஆஸ்கர் விருதுகள் வென்றது. குடியிருந்தவர்கள் போன பிறகு, அவர்களைப் போல நடித்தவர்கள் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். பிறகு புல்டோசர் வந்தது.

1962 செப்டம்பர் 23 அன்று முதல் அரங்கு திறந்தது. அந்த ஆண்டில்தான் ஃபில்ஹார்மானிக் குழு தன் முதல் நிரந்தரக் கறுப்பின உறுப்பினராக சான்ஃபோர்ட் ஆலன் என்ற வயலின் கலைஞரைச் சேர்த்தது. குழு தொடங்கியது 1842இல், 120 ஆண்டுகள். 1969இல் இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டியிருந்தது. ஒபேராவின் கணக்கு வேறு மாதிரி. 1955இல் மரியன் ஆண்டர்சன் பழைய அரங்கில் பாடிய முதல் கறுப்பினப் பாடகர். 1966இல் புதிய அரங்கு திறந்த இரவில் தலைமைப் பாத்திரத்தில் பாடியவர் லியன்டைன் பிரைஸ், அவரும் கறுப்பினப் பெண். குரலுக்குக் கதவு திறந்தது. ஆனால் ஒரு கறுப்பின இசையமைப்பாளர் எழுதிய ஒபேரா அந்த மேடையில் ஏற 2021 ஆக வேண்டியிருந்தது. டெரன்ஸ் பிளான்சார்ட் எழுதியது. அரங்கத்தில் பாட விடுவதற்கும், என்ன பாட வேண்டும் என்பதை எழுத விடுவதற்கும் இடையில் 66 ஆண்டுகள். நம் நாட்டில் யார் வாசிக்கலாம், எதை வாசிக்கலாம், எந்தக் கருவி மேடையேறலாம் என்ற வழக்குகளை அறிந்தவர்கள் இந்த இடைவெளியை உடனே புரிந்துகொள்வார்கள்.

ஜாஸ்? அது வளர்ந்த மண்ணுக்கு 1987இல் ஒரு கோடைக்கால நிகழ்ச்சியாக வந்தது. 1996இல்தான் ஒபேராவுக்கும் பாலேவுக்கும் சமமான உறுப்பு நிறுவனம் ஆனது. 2004இல் அதற்கென்று தனி அரங்கு கிடைத்தது, வளாகத்துக்கு வெளியே, கொலம்பஸ் வட்டத்தில் ஒரு வணிகக் கோபுரத்துக்குள்.

அரங்குகளின் பெயர்களையும் கொஞ்சம் பாருங்கள். ஃபில்ஹார்மானிக் அரங்குக்கு 1973இல் 10.5 மில்லியன் டாலர் கொடுத்தவரின் பெயர் வந்தது. 2015இல் 100 மில்லியன் கொடுத்த இன்னொருவரின் பெயர் வந்தது. பழைய பெயரை எடுக்கச் சம்மதித்ததற்காக முந்தையவரின் குடும்பத்துக்கு 15 மில்லியன் கொடுக்கப்பட்டது. ஒரு பெயர்ப்பலகையைக் காலி செய்யவே அவ்வளவு நட்ட ஈடு.

பிறகு 2022. சுமார் 550 மில்லியன் டாலர் செலவில் உள்ளே முழுக்க மாற்றிக் கட்டி அந்த அரங்கைத் திறந்தபோது, திறப்பு நிகழ்ச்சிக்கு லிங்கன் சென்டர் கேட்டு வாங்கிய படைப்பு சான் ஹுவான் ஹில்லைப் பற்றியது. டிரினிடாட்டில் பிறந்த டிரம்பெட் கலைஞர் எட்டியன் சார்ல்ஸ் எழுதியது. வெளியேற்றப்பட்ட ஊரின் இசையை, அந்த ஊரை அழித்துக் கட்டிய அரங்கிலேயே, அந்த அரங்கின் இசைக்குழுவே வாசித்தது. பழைய குடியிருப்பின் வரலாற்றைத் தொகுக்கும் பணியையும் நிறுவனம் தொடங்கியிருக்கிறது. இதை வேஷம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அழித்ததை அழித்தோம் என்று ஒரு பெரிய நிறுவனம் எண்ணிக்கையோடு சொல்வது நம் நாட்டில் நடந்ததில்லை. அதே சமயம், அந்த மாலையில் திரும்பி வந்தது பாட்டு. அந்த 7,000 குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுச் சாவியும் வரவில்லை. எங்கள் மூவருக்குள் இதைப் பற்றி அன்றிரவு நெடுநேரம் வாக்குவாதம் நடந்தது. நினைவு வந்தால் உரிமை பின்னால் வரும் என்று ஒருவர். நினைவைக் கொடுத்து உரிமைக் கணக்கை முடித்துக்கொள்வார்கள் என்று இன்னொருவர். முடியவில்லை.

இடையில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே நாம் 'சேரி' என்று மொழிபெயர்த்த ஆங்கிலச் சொல் கட்டடத்தின் நிலையைக் குறிப்பது போலத் தோன்றும். தமிழில் அந்தப் போர்வையும் இல்லை. சேரி என்றால் யார் இருக்கிறார்கள் என்பது சொல்லிலேயே வந்துவிடும். 1970இல் இங்கே அமைந்த குடிசை மாற்று வாரியம் தொடக்கத்தில் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டியது. 2021இல் வாரியத்தின் பெயரில் குடிசை போய் வாழ்விடம் வந்தது. தோழருடைய உறையில் இருந்த காகிதங்கள் அந்தக் காலத்தவை.

கிளம்புவதற்கு முன்தினம் வளாகத்தின் பின்பக்கம் போனோம். முன்பக்கம் நீரூற்றும் படிகளுமாக வரவேற்கும் லிங்கன் சென்டர், மேற்கே ஆம்ஸ்டர்டாம் நிழற்சாலைப் பக்கம் உயரமான சுவராக முடிகிறது. சுவருக்கு நேர் எதிரே அந்தப் பொதுக் குடியிருப்பு. கட்டியவர்கள் எந்தப் பக்கத்தைத் தங்கள் முதுகாகக் கருதினார்கள் என்று கேட்டால் பதிலுக்கு வேறெங்கும் போக வேண்டாம். அந்தச் சுவரை எடுத்துவிட்டு அப்பக்கத்து மக்களுக்குத் திறந்துவிடுவதற்கான திட்டம் இப்போது நடக்கிறது.

சாலையைக் கடந்து 63ஆம் தெருவுக்குள் சற்று நடந்தால் மங்க் வாழ்ந்த கட்டடம் நிற்கிறது. இடிப்புக் கோடு சாலையோடு நின்றுவிட்டதால் தப்பிய செங்கல் கட்டடம். தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். சாவகாசமாக நின்று பார்த்தோம். ஒரு பையன் கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டே போனான்.

அறைக்குத் திரும்பியதும் அந்தத் தம்பி மடிக்கணினியைத் திறந்து ஒன்றைக் காட்டினார். 1939க்கும் 1941க்கும் இடையில் நியூயார்க் நகரம், சொத்துவரிக்காக, நகரத்தின் ஒவ்வொரு கட்டடத்தையும் புகைப்படம் எடுத்திருக்கிறது. இடிக்கப்பட்டவை உட்பட எல்லாம் நகர ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. இப்போது யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். ஒபேரா நிற்கும் இடத்தின் தெரு எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். வாசற்படிகள், கடைப் பெயர்ப்பலகைகள், இரும்பு ஏணிகள். கட்டடம் மட்டும் விழுந்தால் போதும் என்று எடுத்த படங்கள். ஆனாலும் சிலவற்றில் மனிதர்களும் விழுந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்திலும் கட்டடத்துக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தியிருக்கிறார்கள். அதில் மனை எண் இருக்கிறது, தொகுதி எண் இருக்கிறது. எங்களில் ஒருவர் நோட்டை எடுத்து எண்களை எழுதத் தொடங்கினார்.